ஹெல்மியின் நீராவி அறைக்குள் ஓடிய மான் எல்லை

எங்கள் வைனோலா பனிக்காட்டோரத்துச் சின்ன ஊர். இங்கே ஹெல்மி சவோலாவைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய் இறக்கியது அவள்தான். இன்றைக்கு மரம் வெட்டப் போகிறவன், வங்கியில் உட்கார்ந்திருக்கிறவள், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள் எல்லோருமே ஒரு காலத்தில் அவளுடைய ஏழாம் எண் பஸ்ஸில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு போனவர்கள். அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தலைக்கு மேலே உள்ள கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பாள், அவ்வளவுதான். பின்சீட்டு வரைக்கும் அடங்கிவிடும்.

அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். அதனால் ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் ஊர் மன்றத்துக் கட்டடத்தின் சாவியை வைத்திருப்பவன். கூட்டம் என்றால் நாற்காலி போடுவது, கணப்பை மூட்டுவது, காபி போடுவது எல்லாம் என் வேலை. ஆகவே நான் இங்கே சொல்லப்போவதில் பாதியைக் காபிக் கூஜாவுக்குப் பின்னால் நின்று கண்ணால் பார்த்தேன். மீதியை ஹெல்மியின் புருஷன் எம்மெட் சொல்லக் கேட்டேன்.

ஹெல்மிக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து மான் வேட்டை. நவம்பர் மாதம் துப்பாக்கிப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை விடியும்போது அவள் தன் எண்பது ஏக்கர் காட்டில், பீவர் ஓடைக்கரைப் பரணில் உட்கார்ந்திருப்பாள். வருஷத்துக்கு ஒரு மான். அதற்குமேல் அவள் சுட்டதில்லை. எம்மெட் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது. ஆனால் கறி துண்டுகளாகி அடுப்பங்கரைக்கு வந்துவிட்டால் அவனை மிஞ்ச ஆளில்லை. மான்கறியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வைத்து அவன் சுடும் மடிப்பு ரொட்டிக்காகவே அவர்கள் வீட்டுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய நவம்பரில்தான் இது ஆரம்பித்தது. எங்கள் மாவட்டத்தில் மான் வேட்டைக்கு வடக்குப் பகுதி, தெற்குப் பகுதி என்று இரண்டு உண்டு. வடக்கில் கொம்புள்ள ஆண் மானை மட்டும் சுடலாம். தெற்கில், அதற்கென்று தனி அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தால், ஒரு பெட்டை மானையும் சுடலாம். சவோலா நிலம் தெற்கில் இருக்கிறது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். ஹெல்மி தெற்குப் பெட்டைச் சீட்டு வாங்கியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால், அடுப்பில் சுட்ட கற்களின்மேல் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்காரும் நீராவிக் குளியலறைக்கு இருபது அடி தள்ளி நின்ற பெட்டை மானைச் சுட்டாள். முறைப்படி போனில் பதிவும் செய்தாள்.

மறுநாள் ரோந்து வந்த வனக் காவலர் பையிலிருந்து இடம் காட்டும் கருவி ஒன்றை எடுத்தார். பனியில் ரத்தம் சிந்திய இடத்தில் போய் நின்றார். கருவியைப் பார்த்தார், ஹெல்மியைப் பார்த்தார், மறுபடியும் கருவியைப் பார்த்தார்.

“அம்மா, நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. இந்த மான் வடக்குல நின்னிருக்கு.”

“வடக்கு எங்க ஆரம்பிக்குது?”

“இதுல காட்டுறபடி பார்த்தா, உங்க குளியலறைக்குள்ளேருந்து.”

அவர் நல்ல மனுஷர். கறியை எடுத்துக்கொள்ளவில்லை, அபராதமும் போடவில்லை. ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் முப்பது வருஷம் பனியிலும் மழையிலும் பஸ் ஓட்டி, ஒருமுறைகூடப் போலீஸ் கை காட்டி நிறுத்தாத ஹெல்மிக்கு அந்தத் தாள் முள்ளாகக் குத்தியது. எம்மெட் அதை மடித்து மேசை இழுப்பறையில் போட்டான். அவள் எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். அவன் மறுபடி இழுப்பறையில் போட்டான். குளிர்காலம் முழுக்க இது நடந்தது.

ஏப்ரலில் மாநில வனவிலங்குத் துறையார் எங்கள் மன்றத்துக்கு வந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வேட்டைக்காரர்கள் கேள்வி கேட்பதற்கான கூட்டம் அது. அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கட்டம்போட்ட கம்பளிச் சட்டைகள், ஆரஞ்சுத் தொப்பிகள், ஈரப் பூட்ஸ் வாடை. முன்னால் மேசையில் இரண்டு அதிகாரிகள். ஒருவர் ஹாலோவே, எங்கள் பகுதி முழுவதற்கும் மேலாளர். தலை நரைத்தவர், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாதவர். இன்னொருத்தி டெஸ்ஸா குயிம்பி. மான்களை ஆராய்கிறவள், இங்கே வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

வழக்கம்போல லைல் தொடங்கிவைத்தான். லைல் ஹெல்மியின் பக்கத்து நிலத்துக்காரன். ஒல்லியாக, வேலிக்கம்பம் மாதிரி இருப்பான். வருஷா வருஷம் முதல் கேள்வி அவனுடையதுதான். யாரும் கொடுத்த உரிமை இல்லை, யாரும் பிடுங்கவும் இல்லை.

“நம்ம மாவட்டத்துல மொத்தம் எத்தனை மான் இருக்கு?”

ஹாலோவே ஓர் எண்ணைச் சொன்னார்.

“ஒவ்வொண்ணா எண்ணினீங்களா?”

“அப்படி எண்ண முடியாதுங்க. கணிக்கிறதுக்கு முறை இருக்கு.”

“எண்ண முடியாதுங்கறீங்க. ஆனா கடைசியில ஏழுன்னு முடியுதே. அந்த ஏழு எங்கேருந்து வந்துச்சு?”

மன்றம் சிரித்தது. ஹாலோவேயும் சிரித்துச் சமாளித்தார். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “உங்க கணக்குப்படி என் காட்டுல சதுர மைலுக்குப் பதினாறு மான். நான் ஒன்பது நாள் குளிர்ல உக்காந்தேன். பதினாறும் சேர்ந்து வேற யார் சதுர மைலுக்கோ விருந்துக்குப் போயிருந்துச்சு போல.” இன்னொருவர் ஓநாயைப் பற்றிக் கேட்டார். ஓநாய்ப் பேச்சு எடுத்தால் அரை மணி நேரம் போகும். போயிற்று. நான் இரண்டாம் கூஜா காபி போட்டேன்.

ஹெல்மி சுவரோரம் எம்மெட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு ஓய்ந்ததும் எழுந்தாள். அறுபது பேரில் நாற்பது பேர் அவள் பஸ்ஸில் போனவர்கள். தானாகவே எல்லோரும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள்.

“எனக்கு ஒரே கேள்விதான் சார். என் குளியலறை வடக்கா, தெற்கா?”

ஹாலோவேக்குப் புரியவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் சுவரில் ஒளிரும் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஓடை வந்தது, ஹெல்மியின் வீட்டுக் கூரை வந்தது, அதற்குப் பின்னால் சின்னக் கூரை ஒன்று வந்தது. அதன் நடுவே சிவப்புக் கோடு ஒன்று குறுக்காகப் போனது.

“ஆமா மிசஸ் சவோலா, நடுவுலதான் போகுது,” என்றார்.

“அப்ப நான் உக்கார்ற பலகை தெற்கு. கல் அடுப்பு வடக்கு.”

“அப்படித்தான் தெரியுது.”

“ஏ எம்மெட்,” என்று லைல் குரல் கொடுத்தான், “இனிமே அடுப்புல தண்ணி ஊத்தணும்னா வடக்குச் சீட்டு வாங்கிக்க.”

மன்றமே குலுங்கியது. ஹெல்மி சிரிக்கவில்லை. திரும்பி லைலைப் பார்த்தாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

“வரைபடம் சும்மா ஒரு வழிகாட்டிதான்,” என்றார் ஹாலோவே. “விதியில எழுதியிருக்கற வாசகம்தான் செல்லும்.”

ஹெல்மி கோட்டுப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தாள். “‘அங்கிருந்து மரம் ஏற்றிச் சென்ற பழைய ரயில்பாதை மேட்டின் வழியாகக் கிழக்கே பீவர் ஓடை வரை.’ இதானே வாசகம்?”

“ஆமா.”

“அந்த ரயில் மேடு எங்க இருக்கு சார்? நான் பிறந்து வளர்ந்தது அங்கதான். பார்த்ததில்லை. எங்கப்பா பார்த்திருக்கார். பீவர், அதான் அந்த அணைகட்டி எலிங்க, ஓடையை அடைச்சுக் கட்டின குளத்துல அது மூழ்கி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க. நான் அதுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கறேன்.”

ஹாலோவே தாள்களைப் புரட்டினார். துறையின் ஆவணங்களில் அதைப் பார்க்கவேண்டும் என்றார், தலைநகருக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். அப்போது டெஸ்ஸா பேனாவைக் கீழே வைத்தாள்.

“எங்களுக்குத் தெரியாதுங்க,” என்றாள். “எங்க இருந்துச்சுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.”

இந்தச் சாவி என் கையில் இருக்கும் இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மேசைக்குப் பின்னாலிருந்து அப்படி ஒரு பதில் வந்து நான் கேட்டதில்லை. ஹெல்மியின் முகம் முதன்முறையாகத் தளர்ந்தது.

“அப்ப வந்து பாருங்க,” என்றாள்.

“சனிக்கிழமை வரட்டுமா?” என்றாள் டெஸ்ஸா.

ஹாலோவே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லைல், “சனிக்கிழமை எல்லாருக்கும் தோதுதான்,” என்று கூட்டத்தின் சார்பில் அறிவித்துவிட்டான்.

சனிக்கிழமை இரண்டு அதிகாரிகளோடு பதினேழு பேர் சவோலா வீட்டு முற்றத்தில் கூடிவிட்டார்கள். பனி பாதி உருகி, நிலம் கால்வைத்தால் உள்ளிழுக்கும் பதத்தில் இருந்தது. டெஸ்ஸா இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தாள். ஹாலோவே முழங்கால்வரை வரும் புது பூட்ஸ். அதைப் பார்த்ததுமே எம்மெட் உள்ளே போய்க் குளியலறை அடுப்பை மூட்டிவிட்டு வந்தான். அவனிடம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஹெல்மி முன்னால் நடந்தாள். டெஸ்ஸா கருவியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். குளத்தோரம் வந்ததும் ஹெல்மி ஒரு கம்பால் குத்திப் பார்த்து, கால் வைக்க வேண்டிய இடங்களைக் காட்டினாள். அவள் காட்டிய இடங்களில் எல்லோரும் காலை வைத்தோம். ஹாலோவேக்கு மட்டும் இரண்டடி தள்ளி ஒரு மேடு கண்ணில் பட்டது.

“அதோ, ரயில் மேடு அதுவாத்தான் இருக்கணும்,” என்றார்.

“அது மேடில்ல சார்,” என்று ஹெல்மி சொல்லி முடிப்பதற்குள் அவர் அதன்மேல் ஏறிவிட்டார். அது அணைகட்டி எலிகள் அடுக்கிவைத்த குச்சிக் குவியல். சத்தமில்லாமல் உள்வாங்கியது. ஹாலோவே தொடை, இடுப்பு என்று மெதுவாக இறங்கி, கையில் இருந்த வரைபடத்தை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

“சார், இப்ப நீங்க வடக்கா தெற்கா?” என்றான் லைல்.

ஹாலோவே ஒரு கணம் யோசித்தார். “கீழ்,” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் ஊர் அவரை மன்னித்துவிட்டது. லைலும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தோம். பூட்ஸ் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. பல் கிட்டிக்கொண்டிருந்தவரை நேரே குளியலறைக்குக் கொண்டுபோனோம். எம்மெட்டும் லைலும் நானும் அவருமாகச் சூட்டில் உட்கார்ந்திருந்தோம். கல்லில் தண்ணீர் ஊற்றி நீராவி எழும்பியதும் அவர் முகம் பழுத்துச் சிவந்தது.

“இங்கதானே கோடு போகுது?” என்றார்.

“உங்க வலது முழங்கால் வடக்குல இருக்கு,” என்றான் எம்மெட்.

அவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தார், அடக்க முடியவில்லை. மடிப்புக் கலையாத மனுஷர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், எம்மெட்டின் பழைய தபால் இலாகாக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து மூன்று மடிப்பு ரொட்டி சாப்பிட்டார்.

ரயில் மேடு கிடைக்கவில்லை. அது கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. எல்லையை மாற்றித்தான் ஆகவேண்டும், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஒரு ரோட்டுக்கு மாற்றவேண்டும் என்று டெஸ்ஸா சொன்னாள். பிறகு தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு ஹெல்மியை நேராகப் பார்த்தாள்.

“ரெண்டு ரோடு இருக்குங்க. உங்க நிலத்துக்கு வடக்கே சதுப்பு ரோடு, தெற்கே தேவாலய ரோடு. சதுப்பு ரோட்டை எல்லையா வச்சா நீங்களும் லைலும் தெற்கு. பெட்டைச் சீட்டு தொடரும். தேவாலய ரோட்டை வச்சா உங்க நிலம் முழுசும் வடக்கு. சீட்டு போயிடும்.”

“நீ என்ன நினைக்கிறே?”

“தேவாலய ரோடுன்னுதான் எனக்குத் தோணுது. கடுங்குளிர் ரெண்டு வருஷம் தொடர்ந்து வந்ததுல இந்தச் சதுப்புப் பக்கம் மான் குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஆனா கையில ஆதாரம் போதாது. நான் வந்தே எட்டு மாசம்தான்.”

லைல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “நல்ல கதையா இருக்கே. கேள்வி கேட்டதுக்குப் பரிசு, சீட்டைப் பிடுங்கறதா? ஹெல்மி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் நீ.”

ஹெல்மி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஆறு பள்ளிக்கூட நோட்டுகள் இருந்தன. அட்டையில் ஜாம் கறை.

நோட்டுகளின் கதை இதுதான். பஸ்ஸில் காலையில் பிள்ளைகள் சண்டை போடாமல் இருப்பதற்காக அவள் ஒரு போட்டி வைத்திருந்தாள். வலதுபக்கச் சீட்டுக்காரர்களும் இடதுபக்கச் சீட்டுக்காரர்களும் சதுப்பு ரோட்டில் ஜன்னல் வழியாக மான்களை எண்ண வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் தேதி போட்டு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ஜெயித்த பக்கத்துக்கு மிட்டாய். ஆறு வருஷம், ஒவ்வொரு பள்ளி நாளும்.

டெஸ்ஸா முதல் நோட்டைத் திறந்தாள். பிறகு இரண்டாவது. அவள் கை வேகமாகப் பக்கம் புரட்டியது. “ஒரே ரோடு, ஒரே நேரம், ஆறு வருஷம்,” என்றாள். “இதுக்காக எங்க ஆபீஸ்ல ஆளுங்க என்ன வேணா குடுப்பாங்க.”

“ரெண்டு தடவை நாயையும் எண்ணியிருக்குங்க. பக்கத்துல நான் குறிச்சு வச்சிருக்கேன்,” என்றாள் ஹெல்மி.

முதல் வருஷம் அக்டோபரில் இருநூற்றுப் பன்னிரண்டு. போன அக்டோபரில் எழுபத்தொன்று. ஹெல்மி கடைசி நோட்டை லைலின் முன்னால் வைத்தாள். “படி. உன் பேத்தி எழுத்துதான்.”

லைல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். வலது பூஜ்யம், இடது பூஜ்யம். வலது ஒன்று, இடது பூஜ்யம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் கோணல் எழுத்தில், ‘மான் எல்லாம் எங்கே போச்சு?’ என்று எழுதியிருந்தது.

“என்னைவிட நல்லாக் கேள்வி கேக்கறா,” என்று முணுமுணுத்தான். நோட்டை மூடிவிட்டு, “நீ என்ன சொல்லப் போறே?” என்றான்.

“எனக்கே இன்னும் தெளியலை. வருஷம் ஒரு மான் வேணும். எம்மெட் சமைக்க, நான் சாப்பிட. ஆனா நானே இந்தக் கண்ணால பார்த்துட்டு, குறையலைன்னு எப்படிச் சொல்றது?” என்றாள் ஹெல்மி.

மூன்று நாள் அவள் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை என்று எம்மெட் சொன்னான். நான்காம் நாள் காலை, பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது, “தேவாலய ரோடுதான்,” என்றாளாம். அவன், “சரி, கோழி வாங்கிக்கலாம்,” என்றானாம். “கோழியெல்லாம் வேண்டாம். கொம்பு மான் இருக்கில்ல,” என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டாள்.

எல்லையை மாற்றும் அதிகாரம் ஏழு பேர் கொண்ட மாநில ஆணையத்துக்குத்தான் உண்டு; ஜூலையில் தலைநகரில் அதன் முன்னால் பேச வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம். தேவாலயத்து வேனில் பதினோரு பேர் போனோம், ஹெல்மிதான் ஓட்டினாள். வேறு யாராவது ஓட்ட அவள் உட்கார்ந்து வருவது நடக்காத காரியம். வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு, ஏழு பேர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் அறையில் பேசவேண்டும் என்றதும் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கிக் காற்று வாங்கினாள்.

பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிஷம். மேடையில் சின்னதாக மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் அரை நிமிஷம் பாக்கி, சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஹெல்மி முன்னால் போய் நின்றாள். எழுதிவைத்த தாளை எடுத்தாள், முதல் வரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டாள்.

“என் பேரு ஹெல்மி சவோலா. பஸ் ஓட்டறேன். உங்க மான் எல்லை என் குளியலறைக்குள்ள போகுது,” என்று ஆரம்பித்தாள்.

ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தாள் தேவைப்படவில்லை. மூழ்கிப்போன ரயில் மேட்டைச் சொன்னாள். பிள்ளைகளின் நோட்டுகளைச் சொன்னாள், நாய்களையும் விடவில்லை. தேவாலய ரோட்டை எல்லையாக்கினால் தனக்குப் பெட்டைச் சீட்டு போய்விடும், தெரிந்துதான் கேட்கிறேன் என்றாள். “நாலஞ்சு வருஷம் பெட்டை மானை விட்டு வச்சா, அந்தப் பிள்ளைங்க பெரிசாகி” என்று சொல்லும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. ஹெல்மி பட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆணையத்தின் தலைவி காத்திருந்தார். “இன்னும் அரை நிமிஷம் இருக்குங்க.”

“தெரியும்மா. மஞ்சளுக்கு நின்னே பழகிடுச்சு,” என்றாள் ஹெல்மி.

அறை முழுக்கச் சிரிப்பு. தலைவியும் சிரித்தார். அடுத்துப் பேச வேண்டிய லைல் எழுந்து, “அவ சொன்னதுதான். நானும் அதே ரோட்டுக்காரன், எனக்கும் சீட்டு போகுது. அவமேல கோவம்தான், ஆனா அவ சொல்றது நிஜம்,” என்று இருபது விநாடியில் முடித்துவிட்டு உட்கார்ந்தான். அவன் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். ஹாலோவே துறையின் சார்பில் பேசினார். குச்சிக் குவியலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நேரில் போய் ஆழமாக ஆய்வு செய்தோம்,” என்று மட்டும் சொன்னார். எங்கள் வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது.

ஏழு ஓட்டும் எங்கள் பக்கம். தேவாலய ரோடு எல்லையாயிற்று. தலைவி தன் சார்பில் இன்னொன்றும் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்படுகிறது என்றார். ஹெல்மி தலையை மட்டும் ஆட்டினாள். வேனில் வந்து உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். “பெல்ட் போடுங்க,” என்றாள். போட்டோம்.

அந்த நவம்பரில் அவள் பரணுக்குக் கீழே முதல் நாள் நான்கு பெட்டை மான்கள் வரிசையாக வந்து, ஆப்பிள் மரத்தடியை முகர்ந்துவிட்டு, நிதானமாகப் போயினவாம். “என்னைப் பார்த்துத் தலையாட்டாத குறைதான்,” என்றாள். எட்டு நாள் கொம்பு மான் வரவில்லை. லைல் தினமும் போன் செய்து கோழி விலை விசாரித்தான். ஒன்பதாம் நாள், பருவத்தின் கடைசி நாள் காலை, ஆறு கிளைக் கொம்போடு ஒன்று ஓடைக்கரையில் வந்து நின்றது. ஒரே வெடி. இழுத்துவர உதவிக்கு ஓடிவந்தவன் லைல்தான். எம்மெட் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கதவை மட்டும் திறந்துவிட்டான்.

அடுத்த ஜனவரியில் மாவட்ட மான் ஆலோசனைக் குழுவுக்கு ஓர் ஆள் தேவை என்று டெஸ்ஸா சொன்னாள். கேட்கிறவர்கள் பக்கமிருந்து ஒருத்தர் பதில் சொல்கிறவர்கள் பக்கம் வந்தால் நல்லது என்றாள். ஹெல்மி மாட்டேன் என்று இரண்டு வாரம் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டாள்.

ஆகவே ஏப்ரலில் நான் நாற்காலி போட்டபோது மேசைக்குப் பின்னால் மூன்று போட்டேன். ஹெல்மி தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டையில் வந்து நடுவில் உட்கார்ந்தாள். நான் வைத்த தண்ணீரைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே குடித்துத் தீர்த்துவிட்டாள். இன்னொரு கூஜா கொண்டுபோனேன்.

“வெண்டெல், இங்கேருந்து பார்த்தா நீங்க எல்லாம் ரொம்பப் பேரா தெரியறீங்க,” என்றாள் என் காதோரம்.

லைல் எழுந்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

“மேடம்,” என்றான். ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “வடக்குல பெட்டை மானை மறுபடி எப்ப சுட விடுவீங்க, மேடம்?”

“ரெண்டு குளிர்காலம் லேசாப் போகட்டும். பார்க்கலாம்.”

“குளிர் லேசா இருந்துச்சா இல்லையான்னு துறை எப்படிக் கண்டுபிடிக்கும், மேடம்?”

“நீ வாசல்ல பனி தள்ளும்போது எத்தனை வீடு தாண்டித் திட்டற சத்தம் கேக்குதுன்னு பார்த்துச் சொல்லிடுவோம்.”

லைல் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் பதினைந்து கைகள் உயர்ந்தன. ஓநாயைப் பற்றிக் கேட்டார்கள், வீட்டுக்கு எத்தனை அடி தள்ளிச் சுடலாம் என்று கேட்டார்கள், ஆப்பிளைக் கொட்டி மானை வரவழைக்கலாமா என்று கேட்டார்கள். தெரிந்ததற்கு அவள் பதில் சொன்னாள். மற்றதை டெஸ்ஸாவிடம் தள்ளினாள். கழுத்தோரம் வியர்த்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது, ஒருமுறைகூட மேசையைவிட்டு நகரவில்லை.

கூட்டம் முடிந்ததும் எம்மெட் தட்டுகளைத் திறந்தான். ஆறு கிளைக் கொம்பனின் கறியில் கடைசியாக மிச்சமிருந்தது, மடிப்பு ரொட்டியாக. ஹாலோவே வரிசையில் முதலில் நின்றார். ஹெல்மியைச் சுற்றி அதற்குள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் ஒரு கையில் ரொட்டியோடு, வாய் நிறைய வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் காற்றில் தேவாலய ரோட்டை வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள்.